மறுமொழி: ‘போர் ஓவர்’ கோப்பிக் கருவிகளுக்கான கலைச்சொற்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கோப்பித்தூளின் மேல் வெந்நீரைக் கையால் ஊற்றித் தாளினூடாக வடிக்கும் ‘போர் ஓவர்’ முறையில், தாளையும் தூளையும் தாங்கும் ‘டிரிப்பர்’ என்ற கருவிக்குச் ‘சொட்டுவான்’ என்ற சொல்லை வவுனியா அன்பர் முன்மொழிந்திருந்தார். ‘வடிகட்டி’ என்பதே போதும் என்று கிளிநொச்சி ஆசிரியை எழுதியிருந்தார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரத்தில் இயங்கும் கோப்பி இயந்திரங்களில் ஒரு வகையும் சொட்டச் சொட்டவே வடிப்பதால் முதலாவது சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டாவது, வன்னி வீடுகளில் தேத்தண்ணி வடிக்கும் வடியையும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஈரடுக்குப் பித்தளை ஃபில்டரையும் நினைவூட்டும். ஆகவே ‘வடிபுனல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

பாடசாலை விஞ்ஞானகூடத்தில் வட்டமான வடிதாளை இருமுறை மடித்து, ஒரு பக்கம் மூன்று மடிப்பும் மறுபக்கம் ஒரு மடிப்புமாக விரித்துப் புனலில் வைத்தவர்கள், அவ்வாறு உருவாகும் கூம்பின் உச்சிக்கோணம் சரியாக 60 பாகை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹரியோ நிறுவனத்தின் வி60 என்ற கூம்பு வடிவ டிரிப்பரின் பெயரிலுள்ள 60 குறிப்பதும் அதே கோணத்தைத்தான். 1941இல் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் கோப்பிக் கருவியை உருவாக்கிய பீட்டர் ஷ்லும்போம் ஓர் இரசாயனவியலாளர். ஆய்வுகூடப் புனலையும் கூம்புக் குடுவையையும் ஒன்றாக இணைத்தால் எப்படியிருக்குமோ அப்படியே அவரது கருவி இருக்கிறது. அவருக்கு முன்பே, 1908இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிட்டா பென்ஸ் தம் மகனின் பள்ளிக் கொப்பியிலிருந்த ஒற்றுத்தாளைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டுக் கோப்பி வடித்துக் காப்புரிமையும் பெற்றார். (கொப்பித் தாளில் கோப்பி வடித்த கதையை ஈழத்துத் தமிழில் சொல்வதுதான் அழகு.) ஆக, புனலும் வடிதாளும் நம் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள், அவற்றை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

கலிட்டா வேவ் போன்ற தட்டையான அடியுள்ள கருவியைப் புனல் என்பது தகுமா என்ற கேள்வி எழக்கூடும். ‘கூம்பு வடிபுனல்’, ‘தட்டடி வடிபுனல்’ என அடைகொடுத்துப் பிரித்தால் போதும். இந்தப் பிரிப்பு வாங்குபவருக்கும் உதவும். வி60இன் அடியில் ஒரே பெரிய துளை இருப்பதால் நீர் இறங்கும் வேகத்தைத் தூளின் பருமனும் ஊற்றும் கையும் தீர்மானிக்கின்றன. தட்டடியில் மூன்று சிறு துளைகள் வேகத்தை ஓரளவு கட்டுப்படுத்துவதால் பழகாத கைக்கு அது எளிது. ஆனால் அதற்கு மடிப்பு மடிப்பான தனித்தாள் வேண்டும். அது தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்த பின்பே வாங்குவது நல்லது. பீங்கான் வடிபுனல் அழகாக இருந்தாலும் முன்கூட்டி வெந்நீரூற்றிச் சூடேற்றாவிட்டால் வெப்பத்தை உறிஞ்சிவிடும். மலிவான பிளாஸ்ரிக் இதில் அதைவிட நன்று.

அரைக்கும் கருவியைப் பற்றித்தான் நாம் கூடுதலாகப் பேசவேண்டும். கடையில் வாங்கும் மல்லி கலந்த நுண்ணிய கோப்பித்தூளைத் தாளில் இட்டால் துளைகள் அடைபட்டு நீர் தேங்கிவிடும். அது வெந்நீரில் கலக்கி, மண்டி அடியில் இறங்கியபின் குடிப்பதற்கென்று அரைத்த தூள். வடிபுனலுக்குச் சற்றுக் கரகரப்பான, ஒரே சீரான தூள் தேவை. அலகு சுழன்று வெட்டும் கிரைண்டரில் மாவும் துண்டுமாகக் கலந்துவர, மாவு கசப்பையும் துண்டு புளிப்பையும் தரும். ‘பர் கிரைண்டர்’ என்பதோ இரண்டு பற்பரப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியால் பருமனைத் தீர்மானிப்பது. உழுந்தும் பயறும் உடைக்கும் திரிகையும் அந்த வகைதானே? எனவே ‘கோப்பித் திரிகை’ என்பதையே பரிந்துரைக்கிறேன். கையால் சுற்றும் திரிகைக்கு மின்வெட்டும் பொருட்டில்லை. பணம் குறைவென்றால் புனலில் மிச்சம் பிடித்துத் திரிகையில் செலவிடுங்கள்.

நீரை மெல்லிய தாரையாக ஊற்ற உதவும், வளைந்து ஒடுங்கிய மூக்குள்ள ‘கூஸ்நெக் கெட்டில்’ என்பதற்கு ஓர் அன்பர் தந்த ‘வாத்துக்கழுத்துக் கேத்தில்’ வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. மூக்குப்பேணி (மூக்குவைத்த குடிகலம்) வழங்கும் மண்ணில் மூக்கை விட்டுக் கழுத்தைப் பிடிப்பானேன்? எல்லாக் கேத்திலுக்கும் மூக்குண்டு என்பதால் ‘ஒடுங்குமூக்குக் கேத்தில்’ எனலாம். இதில் அவசரமில்லை; தூளையும் நீரையும் நிறுக்கும் தராசும் திரிகையும் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துக் கிணற்றுநீரில் கேத்திலின் அடியில் வெள்ளைப்படிவு கட்டுவதுண்டு. அத்தகைய வன்னீர் கோப்பியின் இதமான புளிப்பை மழுங்கடிக்கும் என்பதால், வன்மையைக் குறைக்கும் வடிகட்டியில் வடித்த குடிநீரைப் பயன்படுத்துவது மேல்.

வடிப்பதன் முதற்கட்டமான ‘புளூம்’ என்பதற்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. 15 கிராம் தூளுக்கு மொத்தம் 250 கிராம் நீர் எனக் கொண்டால், முதலில் 30 முதல் 45 கிராம் வரை மட்டும் ஊற்றி, 30 முதல் 45 செக்கன் வரை காத்திருப்பார்கள். அண்மையில் வறுத்த கோப்பியில் தங்கியிருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறும்போது தூள் குமிழியிட்டு உப்பும். ‘மலர்ச்சி’ என்ற முன்மொழிவு நேர்பெயர்ப்பு. ‘பொங்கல்’ வேறு பொருளைத் தரும். நான் ‘பூரிப்பு’ என்பேன். ஊற்றும் செயலுக்கு ‘முன்நனைப்பு’ என்றும், தூளில் நிகழும் மாற்றத்துக்குப் ‘பூரிப்பு’ என்றும் இரண்டு பதிவுகளாகவே சொற்பட்டியலில் சேர்க்கலாமா என்பதை அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய தூளை நனைத்தாலும் அது பூரிப்பதில்லை.

அன்புடன்,
மாங்குளத்திலிருந்து