டேஷண்ட் நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் 2வது மாடியில் இருக்கிறோம். எங்கள் நாய் முறுக்குக்கு 4 வயது. போன வாரம் கட்டிலிலிருந்து குதித்தவன் வீலென்று கத்தினான். அப்புறம் முதுகை வளைத்துக்கொண்டே நிற்கிறான், தூக்கப் போனாலே நடுங்குகிறான். முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நீள உடம்பு, குட்டைக் கால் என்பதால் இந்த இனத்துக்கு அடிக்கடி வருவதுதானாம். மாத்திரையோடு 4 வாரம் கூண்டில் ஓய்வு.

மாத்திரை சரி, ஓய்வுதான் நடக்கவில்லை. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த இனம், பிடிவாதத்துக்குக் கேட்க வேண்டுமா! தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் போதும், கம்பியைப் பிறாண்டி ஊரைக் கூட்டுகிறான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் மட்டும் அடங்குகிறான். அவளுக்கோ பரீட்சை.

கூண்டில் எப்படிப் பழக்கினீர்கள்? நெஞ்சுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து, செங்குத்துப் படியில் தினமும் நாலு தடவை மூத்திரத்துக்கு இறக்குகிறேன். மொட்டை மாடியிலேயே பழக்கலாமா? கட்டிலுக்குச் சரிவுப் பலகை செய்ய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தச்சர் யாராவது தெரியுமா? பின்னங்கால் தள்ளாடினால் தாமதிக்காமல் தூக்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ராத்திரியில் போன அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.