தன்பாலினத் திருமணமும் நம் நாயகர்களும்: இன்னும் உறுத்தும் ஓர் உரையாடலைப் பகிருங்கள்

பனையோலை:
2023 ஏப்ரல் இறுதி. தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாசகர் வட்டத்தில் அன்று வாலி வதைப் படலம். பேசியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கம்பனில் எங்கே தொட்டாலும் பாடல் பாடலாகக் கொட்டும். ராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்ற கேள்வியை அவர் நழுவவிடவே இல்லை. வாலி அடுக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 'ஒளிந்து நின்று எய்தது ஏன்?' என்று வாலி கடைசியாகக் கேட்கும்போது ராமன் பேசுவதில்லை, இலக்குவன்தான் பதில் சொல்கிறான் என்பதைச் சுட்டிக்காட்டி, 'தன் தெய்வத்தையே கூண்டில் ஏற்றியவன் கம்பன்' என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிறகு கலந்துரையாடல். பேச்சு எப்படியோ வழக்கின் பக்கம் திரும்பியது. அதே ஆசிரியர், 'அதை நம் மதம் ஏற்காது. அதில் பேச ஒன்றுமில்லை' என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். 'ஐயா, வாலி கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் இடம் கொடுத்தீர்கள். என் அக்கா கேட்கிற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஏன் பேச ஒன்றுமில்லை?'

ஆசிரியர் பதில் சொல்லியிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். அதற்குள் செயலாளர் ஒலிவாங்கியை வாங்கி நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் பிறகு எங்கள் கூட்டத்துக்கு வரவேயில்லை.

மதமும் இந்தத் திருமணமும் பேசப்பட்ட இடத்தில் ஏதாவதொரு நாயகன் நடுவில் வந்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள். ராமனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உப்புக்காற்று:
எங்கள் வீட்டில் தாவீது.

அப்பா சபை மூப்பர். குடும்ப ஜெபத்தில் அன்று தாவீதின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினார். பத்சேபாள், அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டது, நாத்தான் தீர்க்கதரிசி வந்து சொன்ன ஆட்டுக்குட்டிக் கதை. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த பணக்காரன், ஏழையிடம் இருந்த ஒரே குட்டியைப் பிடித்துக்கொண்டு போனான் என்கிற கதை உங்களுக்குத் தெரிந்ததே. 'இவ்வளவு செய்தவனையும் தேவன் தள்ளிவிடவில்லை' என்று அப்பா முடித்தார்.

தம்பி அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தன்னைப் பற்றியும் தன் துணைவனைப் பற்றியும் வீட்டில் சொல்லியிருந்தான். அவன் மெதுவாகக் கேட்டான்: 'என்னை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள், அப்பா?'

'தாவீது மனந்திரும்பினான்.'

'நான் எதற்காக மனந்திரும்ப வேண்டும்? யாருடைய ஆட்டுக்குட்டியையும் நான் எடுக்கவில்லையே.'

அம்மா அழ ஆரம்பித்தார். அப்பா ஜெபத்தை முடிக்காமலேயே எழுந்து வாசலுக்குப் போனார். இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்கிறவர். ஒரு வசனம்கூட அவர் வாயில் வராததை அன்றுதான் பார்த்தேன்.

நெல்லிமரம்:
பனையோலைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆசிரியரை நீங்கள் பாதியில் நிறுத்திக் காட்டியிருக்கிறீர்கள். வாலி வதையைப் பக்தியோடு படிக்கிற எவரும் ராமனுக்கு மதிப்பெண் போட உட்கார்வதில்லை. கேள்வி கேட்ட வாலியே கடைசியில் அவனைக் கும்பிட்டுத்தான் உயிர் விடுகிறான். அதை விட்டுவிட்டுக் கூண்டில் ஏற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு, 'அதையே ஏற்றீர்களே, இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பது நியாயமான வாதமாக எனக்குப் படவில்லை.

என் அனுபவம் சிறியது. சீதை தீயில் இறங்கும் இடத்தை ஒரு கதாகாலட்சேபத்தில் கேட்டுவிட்டு என் பாட்டி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: 'அவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது.' மறுநாள் காலையில் வழக்கம்போல ராமர் படத்துக்கு விளக்கேற்றினார். நான் வளர்ந்த பக்தி அது. கேட்கும், கோபப்படும், கையையும் விடாது. யாரும் வாதத்தில் வென்று அந்தப் பக்தியைப் பாட்டிக்குக் கொடுக்கவில்லை. வாதத்தில் வென்று அதன் போக்கை மாற்றவும் முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வழக்கில் மதத்தை இழுத்ததே தேவையற்றது. விசாரணையின் தொடக்கத்திலேயே, தனிநபர் மதச் சட்டங்களுக்குள் போகமாட்டோம், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அது மதமே கேட்காத சட்டம். ஆனாலும் வெளியே நடந்த விவாதம் முழுவதும் மதம்தான். எதிர்த்து வழக்காடியவர்களில் மத அமைப்புகளும் இருந்தன.

என் பெற்றோர் செய்துகொண்டது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் இத்தகைய திருமணங்கள் சட்டப்படி உறுதியாயின; முன்பு நடந்தவையும் சேர்த்தே. அப்போது எந்தக் கோயிலும் இழுத்து மூடப்படவில்லை. அந்த வீட்டில் பிறந்த நான் மார்கழி தவறாமல் திருப்பாவை சொல்கிறேன். மதம் தன் வேகத்தில் மாறட்டும், மாறாமலும் போகட்டும். சட்டம் அதற்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை.

மின்மினி:
நான் தன்பால் ஈர்ப்பு உள்ளவன். இதுவரை வந்த பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 17, தீர்ப்பு வந்த நாள். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். சேர்ந்து வாழும் உறவுக்குச் சட்ட அங்கீகாரம் தர வேண்டுமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று எதிராகப் போனது. மதிய உணவு நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் 'நல்லவேளை, கலாச்சாரம் பிழைத்தது' என்றார். என் நெருங்கிய நண்பர் அவரோடு எனக்காகச் சண்டைக்குப் போனார். 'அர்ஜுனனைவிடப் பெரிய வீரன் உண்டா? அவனே பிருகன்னளையாக இருந்தவன்தானே! நம் மரபில் இல்லாததா?' என்றார். மேசையில் பாதிப் பேர் தலையசைத்தார்கள்.

அந்தத் தலையசைப்புதான் இன்றும் உறுத்துகிறது. பிருகன்னளை, ஊர்வசியின் சாபத்தால் வந்த உருவம். விராடன் அரண்மனையில் ஒரு வருடம் ஒளிந்திருக்கப் பயன்பட்டது. வருடம் முடிந்ததும் அர்ஜுனன் காண்டீபத்தை எடுத்துக்கொண்டு பழைய ஆளாகிவிட்டான். எனக்கு எந்தச் சாபமும் இல்லை. எனக்கு முடிகிற தவணையும் இல்லை. நானும் என் துணைவனும் காய்கறி வாங்குகிறோம், வாடகை கட்டுகிறோம், யார் துணி காயப்போடுவது என்று சண்டை போடுகிறோம்.

பனையோலை, அந்த மாணவியின் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் அவளுடைய அக்காவின் காதல் ஏன் மறைந்து நின்று எய்த அம்புக்குப் பக்கத்தில் வர வேண்டும்? கொலையும் சூதாட்டமும் செய்த நாயகர்களை மன்னித்தீர்களே, எங்களையும் மன்னியுங்கள் என்று கேட்கிற வரிசையில் நான் நிற்கமாட்டேன். உப்புக்காற்று, உங்கள் தம்பி சொன்னதுதான் சரியான பதில்.

கோடைமழை:
நம் மரபில் இடமே இல்லை என்பவர்கள் ஒருமுறை கூவாகம் போய்ப் பாருங்கள். போன சித்திரையில் நான் போயிருந்தேன். அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ள நிற்கும் திருநங்கைகள் கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. கண்ணனே மோகினியாகி அரவானை மணந்தான். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஆவணக்காரர்:
பல ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். ஒரு நாள் இரண்டு பெண்கள் உயில் எழுத வந்தார்கள். ஒருவர் பெயரில் ஒருவர். கையெழுத்துப் போடும் முன் ஒருவர், 'சுவரில் இருக்கும் பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து போடலாமா?' என்று கேட்டார். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

உப்புக்காற்று அவர்களே, உங்கள் தம்பிக்காகச் சில விஷயங்கள். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. ஆகவே திருமணப் பதிவுக்காகக் காத்திராமல் இன்று முடிந்ததைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். முதலில் உயில். அதற்கு முத்திரைத்தாள் செலவு இல்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றி எழுதினால், குடும்ப உறுப்பினர்களுக்கு உள்ள முத்திரைக் கட்டணச் சலுகை இவர்களுக்குக் கிடைக்காது. அந்தச் செலவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வங்கி. இருவரும் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவர் மற்றவரை நியமனதாரராக (நாமினி) குறிப்பிடவும் தடை ஏதுமில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் அளித்திருக்கிறது. கிளையில் தயங்கினால் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, வயதுவந்த எவரையும் மனநலச் சிகிச்சை விஷயங்களில் தன் பிரதிநிதியாக எழுத்தில் நியமிக்கலாம். இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு அது. எல்லா ஆவணங்களுக்கும் மூன்று நகல்கள், ஒன்றை நம்பகமான நண்பர் வீட்டில் வைக்கவும். தவிர, போப் பிரான்சிஸ் காலத்தில், 2023 டிசம்பரில், இப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதிரியார்கள் ஆசீர்வாதம் தரலாம் என்று வாடிகன் அறிவித்தது. உங்கள் அப்பாவிடம் அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

உப்புக்காற்று:
ஐயா, அக்கறைக்கு நன்றி. நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. வாடிகன் சொன்னது எங்கள் சபையைக் கட்டாது. அந்த அறிவிப்பும் திருமணச் சடங்கின் சாயல் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. என் தம்பிக்கு இப்போது பத்திரம் அல்ல குறை. அப்பா அவனை அன்றைய கேள்விக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

சித்திரைநிலா:
கோடைமழைக்கு. நான் திருநங்கை. கூவாகத்தில் நானும் தாலி கட்டிக்கொண்டவள். நீங்கள் முதல் நாளைப் பார்த்துக் கண் கலங்கித் திரும்பிவிட்டீர்கள். மறுநாள் அரவான் களப்பலியாவான். எங்கள் தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைப்போம். அந்த அழுகையை நான் நேசிக்கிறேன், அந்தச் சாமியையும் நேசிக்கிறேன். ஆனால் ஓர் இரவு கணவனைக் கொடுத்துவிட்டு, 'உங்களுக்குத்தான் மரபில் இடம் இருக்கிறதே' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. எங்களையும் தன்பாலினத் திருமணத்தையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். தூத்துக்குடியில் கோயிலில் தாலி கட்டிய ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் பதிவு மறுக்கப்பட்டபோது, திருநங்கையும் மணமகளே என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2023 தீர்ப்பிலும் ஆணை மணக்கும் திருநங்கையின் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மின்மினிக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை.

எனக்கு உறுத்துவது, திருமணம் பதிவு செய்யப் போன இடத்தில் ஓர் ஊழியர் கேட்ட கேள்வி. தீர்ப்பின் நகலை முழுவதும் படித்தார். பிறகு நிமிர்ந்து, 'அரவானுக்குக் கட்டிய தாலி இருக்கும்போது இது இரண்டாம் திருமணம் ஆகாதா?' என்றார். கேலி இல்லை அவர் முகத்தில். உண்மையாகவே கேட்டார்.

தெற்குக்கரை:
நான் எழுதப்போவதில் நாயகன் யாரும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மாவோடு முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். அவர் மகன் வேறொரு பையனோடு வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். அர்ச்சகர் வழக்கம்போலப் பெயர், நட்சத்திரம் கேட்டார். பெரியம்மா மகன் பெயரைச் சொன்னார், விசாகம் என்றார். மூச்சு விட்டுக்கொண்டு இன்னொரு பெயரும் சொன்னார். அதுவும் ஆண் பெயர். 'உத்திரட்டாதி' என்றார்.

அவனுடைய நட்சத்திரத்தைப் பெரியம்மா எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

அர்ச்சகர் இரண்டு பெயரையும் சேர்த்து, குடும்ப க்ஷேமத்துக்கு என்று சங்கல்பம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மின்மினி:
அவருக்கு அண்ணன் தம்பி என்று தோன்றியிருக்கும். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா? ஓர் அர்ச்சகரின் கருணையை நம்பி எத்தனை பேர் வாழ முடியும்?

தெற்குக்கரை:
அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியது அவரைப் பற்றியும் அல்ல. அர்ச்சனை முடிந்து தட்டு திரும்பி வந்ததும் பெரியம்மா விபூதியை இரண்டு தாளில் தனித்தனியாக மடித்தார். ஒன்றில் மகன் பெயரை எழுதினார். மற்றதில் எழுதும் முன் என்னிடம் பேனாவைக் கொடுத்து, அந்தப் பையனின் பெயரை எப்படி எழுத வேண்டும், இரண்டு சுழி னாவா, மூன்று சுழி ணாவா என்று கேட்டார்.