டிகின்டர்: பட்டனுக்கு கமாண்டா, பைண்டா?

மளிகைக்கடை மகன்:
அப்பா கடைக்குப் பைத்தானில், ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய உதவும் டிகின்டரை வைத்து ஒரு பில் ஜன்னல் செய்தேன். 'சேமி' பட்டனுக்கு கமாண்ட் (பட்டனை இயக்கினால் ஓடும் ஃபங்ஷன்) கொடுத்தேன், கிளிக் வேலை செய்கிறது. என்டர் கீக்கு அதே ஃபங்ஷனை பைண்ட் செய்தால் (கீ, மவுஸ் அசைவோடு கட்டிவிட்டால்) ஆர்க்யுமென்ட் எரர். கிளிக்கையும் பைண்டிலேயே போட்டுவிடலாமா?

சுருக்குவழி:
தாராளமாக. பைண்ட், என்ன நடந்தது என்ற விவரத்தை, அதாவது ஈவென்ட்டை, ஃபங்ஷன் கையில் கொடுத்து அனுப்பும், கமாண்ட் வெறுங்கையோடு அனுப்பும். அதுதான் எரர். இரண்டையும் பைண்ட் ஆக்கினால் ஒரே ஃபங்ஷன், தலைவலி இல்லை.

பழைய கீபோர்டு:
தலைவலியே அங்குதான் ஆரம்பம். கமாண்ட், மவுஸை விடும்போதுதான் ஓடும். தவறி அழுத்திவிட்டால் பட்டனுக்கு வெளியே இழுத்துப்போய் விடலாம். இடது கிளிக் பைண்ட் அழுத்திய உடனே ஓடிவிடும். பட்டனை டிஸேபிள் செய்து சாம்பல் நிறமாக்கினாலும் அது அடங்காது. எனக்கு இப்படி ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. கமாண்டை விட்டுவிடாதீர்கள், என்டர் வந்தால், பட்டனைக் கோடு வழியாகவே இயக்கும் இன்வோக்கைக் கூப்பிடுங்கள். டிஸேபிள் என்றால் அதுவும் சும்மா இருக்கும்.

சுருக்குவழி:
அழுத்துவதற்குப் பதில் ரிலீஸை பைண்ட் செய்தால் போச்சு. இதற்கா இவ்வளவு?

பழைய கீபோர்டு:
வெளியே போய் விட்டாலும் அந்த ரிலீஸ் அதே பட்டனுக்குத்தான் வரும், ஐயா. மவுஸ் எங்கே இருக்கிறது, பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்க்க வேண்டும். கமாண்ட் ஏற்கெனவே செய்கிற வேலை அது. ஸ்பேஸ்பாரால் பட்டனை இயக்கும் வசதி வேறு இலவசம்.

மளிகைக்கடை மகன்:
இன்வோக் போட்டேன், எரர் போச்சு. ஆனால் ஒரு சோப்பை ஸ்கேன் செய்ததுமே பில் சேமிக்கப்பட்டுவிட்டது!

கல்லாப்பெட்டி:
என்டரை ரூட்டில், அதாவது முழு ஜன்னலுக்கும், பைண்ட் செய்திருப்பீர்கள். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்டுதான். பெரும்பாலும் நம்பரைத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டரும் தட்டும். எந்தப் பெட்டியில் தட்டினாலும் அது ரூட்டுக்கும் போய்ச் சேரும். கமாண்டா பைண்டா என்று நீங்கள் இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள், அவர் கடையில் ஸ்கேனர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை! என்டரை பார்கோடு பெட்டிக்கு விட்டுவிட்டு, சேமிக்க எஃப்2 வையுங்கள்.

சுருக்குவழி:
பார்கோடு பெட்டியின் ஃபங்ஷனில் 'பிரேக்' ரிட்டர்ன் செய்தால் ரூட்டுக்குப் போகாதே. என்டரை ஏன் இழக்க வேண்டும்?

கல்லாப்பெட்டி:
ஃபோகஸ் (தட்டுவது போய் விழும் இடம்) போன் நம்பர் பெட்டியில் இருக்கும்போது ஸ்கேன் செய்தால்? மறுபடி அரைகுறை பில்தான்.

மளிகைக்கடை மகன்:
சரி, எஃப்2 வைத்தாயிற்று. அப்பா பழக்கதோஷத்தில் என்டரையே தட்டிவிட்டு, கீபோர்டு கெட்டுவிட்டது என்கிறார்.