லேப்டாப் மாறினால் க்யூ பாயிண்ட் வருமா?

*கவி:* மணி அண்ணா, பாட்டு ஃபோல்டரைப் புது லேப்டாப்பில் காப்பி செய்துவிட்டேன். மிக்ஸில் திறந்தால் பாட்டு இருக்கிறது, பாட்டில் நான் குறித்துவைத்த ஹாட் க்யூ, திரும்பத் திரும்ப ஓட வைத்த லூப் ஒன்றுகூட இல்லை 😭

*சித்தி:* எந்த மிக்ஸ்? மிக்ஸியா?

*கவி:* மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அந்த டிஜே சாஃப்ட்வேர் சித்தி.

*மணி அண்ணா:* பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டாயா?

*கவி:* இல்லை. நாளைக்குச் செய்து சித்திக்குக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

*மணி அண்ணா:* இப்போது வேண்டாம். உன் க்யூ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

*சித்தி:* ஆகா, எனக்கு வரவேண்டியது போச்சு 😄

*மணி அண்ணா:* மிக்ஸ் தன் டேட்டாபேஸில்தான் க்யூ, லூப், பீட் விழும் இடங்களைக் காட்டும் பீட்கிரிட் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். பாட்டை மட்டும் தூக்கினால் அவை கூட வராது. செராட்டோ என்ற இன்னொரு டிஜே சாஃப்ட்வேர் அப்படியில்லை, எம்பி3 ஃபைலுக்குள் இருக்கும் டேகிலேயே க்யூவை எழுதிவிடும்.

*கவி:* ஓ! ஃப்ரெண்ட் செராட்டோதான் வைத்திருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டேன் 🤦

*மணி அண்ணா:* சரி, இப்படிச் செய். புதியதில் மிக்ஸ் வெர்ஷன் பழையதைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. இரண்டிலும் மிக்ஸை மூடு. பழையதில் உன் யூசர் ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் மிக்ஸ் ஃபோல்டர். ஆப்டேட்டா கண்ணில் படாது, 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்.

*மணி அண்ணா:* மிக்ஸ் ஃபோல்டரை முழுதாக எடு. நீ சேமித்த எஃபெக்ட் அமைப்புகள் (எஃபெக்ட் செயின் ப்ரீசெட்), எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று நீ சேர்த்த கன்ட்ரோலர் மேப்பிங் எல்லாம் அதற்குள்தான். புதியதில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு இதைப் போடு.

*கவி:* பழையதில் பாட்டு டி டிரைவில் இருந்தது. இதில் சி மட்டும்தான்.

*மணி அண்ணா:* அங்கேதான் பாதிப் பேர் மாட்டுவார்கள். பாட்டு எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதை வைத்துத்தான் டேட்டாபேஸ் அதைத் தேடும். பிரிஃபரன்சஸ், லைப்ரரிக்குப் போய் பழைய ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து 'ரீலிங்க்' கொடு, புது இடத்தைக் காட்டு. ஃபோல்டரைப் புதிதாக ஆட் செய்யாதே.

*கவி:* சில பாட்டுக்கு ஈக்யூவில் பாஸ் (அடித்தொனி) குறைத்து வைத்திருந்தேனே, அதுவும் வருமா?

*மணி அண்ணா:* ஈக்யூ குமிழ் இருக்கும் நிலை பாட்டோடு சேமிக்கப்படாது. கமெண்ட் என்ற கட்டத்தில் 'பாஸ் குறை' என்று எழுதி வை, லைப்ரரியிலேயே தெரியும். எனக்கு அதுவே போதும். சத்தம் என்றால் வழி உண்டு: பாட்டு ஓடும் டெக்கின் சத்த அளவை, அதாவது டெக் கெயினைச் சரிசெய்துவிட்டு, அந்த டெக்கில் இருக்கும் பாட்டில் ரைட் க்ளிக், மெட்டாடேட்டாவில் ரீப்ளேகெயினை (பாட்டோடு சேமிக்கப்படும் சத்த அளவு) டெக் கெயினிலிருந்து அப்டேட் செய். அடுத்த முறை அதே அளவில் வரும்.

*கவி:* பேசாமல் வேறு சாஃப்ட்வேருக்கே மாறிவிடட்டுமா?

*மணி அண்ணா:* மாறலாம். ஆனால் சில எம்பி3-களில் க்யூ 26 மில்லிசெகண்ட் தள்ளிப் போகும், ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஃபைலின் ஆரம்பத்தை வேறுவேறாகக் கணக்கிடுவதால். நிகழ்ச்சிக்கு முன்னால் அந்த வம்பு வேண்டாம்.

*கவி:* அண்ணா, க்யூ வந்துவிட்டது!! 🔥🔥 கொஞ்சம் பாட்டு மட்டும் 'மிஸ்ஸிங்' பட்டியலில் நிற்கிறது.

*மணி அண்ணா:* காப்பி செய்யும்போது ஃபைல் பெயரை மாற்றினாயா?

*கவி:* ஆமாம், நம்பரை எல்லாம் நீக்கினேன்.

*மணி அண்ணா:* பழைய பெயரையே திரும்ப வைத்து லைப்ரரியை ரீஸ்கேன் செய். அதுவரை அந்தப் பட்டியலில் 'பர்ஜ்' பக்கமே போகாதே, க்யூவோடு சேர்த்துத் துடைத்துவிடும்.

*கவி:* 👍 மாற்றிக்கொண்டிருக்கிறேன்.