மறுமொழி: மோட்டார் படகின் கான்வாஸ் – உறையா, மேற்கட்டியா, படங்கா?

வணக்கம்.

மோட்டார் படகின் துணி உறுப்புகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தொடங்கிய இந்த இழையை ‘படகுறை’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடலாம் என்று பலரும் எழுதியிருப்பதால் கொஞ்சம் அவசரமாகவே பதில் போடுகிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மோட்டார் படகில் துணியால் ஆனது எல்லாவற்றையும் சேர்த்துக் கான்வாஸ் என்று சொல்லிவிடுகிறார்கள் என்பது சரிதான், ஆனால் அதைக் கழற்றிப் புதிதாகத் தைத்துப் போட இறங்கினால் அந்த ஒரு சொல் ஒன்றுக்கும் உதவாது. தைப்பவர் முதலில் கேட்பதே எதை மாற்றப் போகிறீர்கள், மேலே இருப்பதையா, பக்கத்தில் தொங்குவதையா, படகைக் கட்டிவிட்டுப் போகும்போது மூடுவதையா என்றுதான்.

நான் இருப்பது ஒஸ்லோப் பக்கம். கோடையில் மக்ரெல் மீன் பிடிக்கப் போகிற நம்மவர்கள் சிலர் பழைய மோட்டார் படகு வாங்கி வைத்திருக்கிறார்கள், இயந்திரம் நன்றாக இருக்கும், துணி உக்கிப் போயிருக்கும். அவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதத் தொடங்கியதில்தான் இந்தச் சொற்களெல்லாம் தேவைப்பட்டன. அதனால் அகராதியில் ஒரு சொல் எவ்வளவு அழகாக உட்காரும் என்பதைவிட, ஆடுகிற படகில் நின்றுகொண்டு ஒருவர் மற்றவரிடம் சொல்ல அது வாயில் வருமா என்பதையே பார்க்கிறேன்.

> ஒரு படகு, ஒரு உறை. அதற்குள் எத்தனை வகை என்பதைப் படிப்பவர் புரிந்துகொள்வார்.

புரிந்துகொள்ள மாட்டார், அண்ணா. அதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. படகு ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, வெளியேறும் புகை திரும்பப் படகுக்குள்ளேயே இழுபடும். மேலேயும் பக்கங்களிலும் துணியால் அடைத்துவிட்டுப் பின்னால் மட்டும் திறந்து வைத்திருந்தால் இன்னும் மோசம். பெற்றோல் இயந்திரத்தின் புகையில் இருக்கும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலையிடி என்று நினைத்துக்கொண்டு படுத்தவர் எழும்பாமல் போகலாம். அமெரிக்கக் கடலோரக் காவற்படை இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. இப்போது கையேட்டில் வரும் எச்சரிக்கையை ‘உறையைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். உறை போட்ட படகை யார் ஓட்டப் போகிறார், இது என்ன பைத்தியக்கார அறிவுரை என்று தாண்டிப் போய்விடுவார்கள். ‘முன்பக்கத்தில் காற்று நுழைய வழி திறக்காமல், திரைகளை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள்’ என்றால்தான் விஷயம் போய்ச் சேரும்.

ஆகவே குறைந்தது மூன்று சொல் வேண்டும். ஓடும்போதும் மேலே இருப்பது மேற்கட்டி. ஆட்களைச் சுற்றி அடைப்பது திரை, அதில் பக்கத்திரை, பின்திரை. ஆளில்லாத படகை முழுவதுமாக மூடுவது மூடுபடங்கு.

மேற்கட்டி கோயில் வாசனை அடிக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். அடிக்கட்டுமே. சுவாமிக்கு மேலே நாலு மூலையும் இழுத்துக் கட்டிய துணிக்கு அந்தப் பெயர் இருக்கிறது, படகில் வளைகுழாய்களின் மேல் இழுத்துக் கட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்வதுபோலப் பிமினி என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை முழுவதாகத் தள்ளவில்லை, கடையில் கேட்கும்போது அதுதான் உதவும். ஆனால் அது மயாமிக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தள்ளி, பஹாமாஸ் நாட்டில் இருக்கிற ஒரு தீவுக்கூட்டத்தின் பெயர். கேட்டவுடன் தமிழருக்கு ஒன்றும் தோன்றாது.

படங்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டு நண்பர்கள் தார்ப்பாய் என்றே எழுதியிருக்கிறீர்கள், லாரிக்கு அது நல்ல சொல். படகில் அது வம்பு. படகோடு பாய் என்ற ஒலி சேர்ந்தவுடன் காற்றில் விரிக்கிற பாய்தான் நினைவுக்கு வரும், ‘படகின் பாயை மாற்றினேன்’ என்றால் பாய்மரம் எங்கே என்று கேட்பார்கள். இலங்கையில் நாங்கள் இன்றைக்கும் படங்கு என்றுதான் சொல்கிறோம், நெல்லுக் காயப்போடுவதும் படங்கில், மழைக்குக் கூரைமேல் இழுப்பதும் படங்கு. சென்னையில் இது பழக்கமில்லை என்பது தெரியும். பழகிக்கொள்ளுங்கள், நாங்கள் உங்களுடைய எத்தனையோ சொற்களைப் பழகிக்கொண்டோம்.

நோர்வேக்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். ஒக்ரோபர் வாக்கில் படகைக் கரையேற்றிப் பனிக்குப் பயந்து மேலே இழுத்துக் கட்டும் முரட்டுத் துணி பிரெசென்னிங், கோடையில் படகோடு படகாக இருக்கும் தைத்த துணிக்கூரை கலேஷ. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்வதே இல்லை. இந்தக் கலேஷ பழைய காலத்தில் குதிரை வண்டியின் பெயர், மடிக்கும் கூரை போட்ட வண்டி. வண்டியிலிருந்து படகுக்கு வந்த சொல். நம்மிடமும் கூண்டு வண்டி இருந்ததே. அதனால் முன்கண்ணாடியிலிருந்து வளைந்து எழும்பி அலைத்தண்ணீர் முகத்தில் அடிக்காமல் காக்கிற அந்த அரைக்கூரைக்குத் தூவானக் கூண்டு என்று பெயர் வைக்கிறேன். ‘தெறிப்புத் தடுப்பான்’ என்று வந்த முன்மொழிவைப் படித்தபோது ஏதோ பொலிஸ் வாகனத்தின் உதிரிப்பாகம் போல இருந்தது, மன்னிக்கவும். காற்று அள்ளிவந்து அடிக்கிற நீர்த்துளிக்குத் தூவானம் என்ற சொல் கையில் இருக்கும்போது தெறிப்பைத் தேடிப் போவானேன்?

அதோடு தெறி எங்களுக்கு வேறு வேலைக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் சட்டைப் பொத்தானுக்குத் தெறி என்றுதான் பெயர். பிரஸ் பட்டன் என்று தமிழ்நாட்டில் சொல்வது அமுக்குத் தெறி. படகுத் துணி நிற்பதே இந்த அமுக்குத் தெறிகளில்தான், ஆகவே இதன் உறுப்புகளுக்கும் பெயர் தேவை. துணியின் வெளிப்பக்கம் தெரிவது தொப்பி, உள்பக்கம் அதோடு அடித்துப் பொருத்துவது குழி, படகின் உடம்பில் திருகி வைப்பது குமிழ். குழி குமிழில் போய் உட்காரும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். எளிதான சொற்கள், இதற்குமேல் சமஸ்கிருதமும் வேண்டாம் சங்கத் தமிழும் வேண்டாம். தலையைப் பிடித்து மேலே இழுத்தால் மட்டும் விடுகிற டெனாக்ஸ் வகைக்கு இழுதெறி எனலாம். கால் திருப்புத் திருப்புகிற பழைய வகை திருப்புத் தெறி.

பெயர் வைத்தபின் செய்முறையை எழுதுவது எவ்வளவு லேசாகிறது என்று பாருங்கள்: ‘படகில் உள்ள பழைய குமிழ்களை அசைக்காதீர்கள். புதுத் துணியை இழுத்துப் பிடித்துக் குமிழ் இருக்கும் இடத்தைத் துணியில் குறித்து, அங்கே குழியை அடியுங்கள். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள்.’ மேசையில் வைத்தே எல்லாக் குழியையும் அடித்துவிட்டு வந்தால் கடைசி மூலையில் இரண்டு விரல் அகலம் இழுபடாமல் நிற்கும், அப்புறம் படகில் புதுத் துளை போட வேண்டும், பழைய துளையை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

துணியை வெட்ட அளவாக வைக்கும் மாதிரிக்கு, வெட்டுமாதிரி என்ற சொல்லை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. அதோடு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும், பழைய துணியைப் பிரித்து அதையே வெட்டுமாதிரியாக வைப்பதில் ஆபத்து உண்டு. பல வருடம் நனைந்து காய்ந்த துணி ஓரிடத்தில் சுருங்கி ஓரிடத்தில் இழுபட்டு இருக்கும், அந்தக் கோணல் அப்படியே புதிதிலும் வந்துவிடும். இதைத் தொழிலாகச் செய்பவர்கள் நூல் வலை ஓடிய பிளாஸ்டிக் தாளைப் படகின் மேலேயே விரித்து ஒட்டிக் குறித்து எடுக்கிறார்கள். பழையது தையல் எங்கே, ஜிப் எங்கே என்று பார்ப்பதற்கு மட்டும்.

துணியின் பெயரிலும் ஒரு தகராறு. கான்வாஸுக்குக் கித்தான் என்ற பழைய சொல் வேண்டாம் என்கிறேன். இன்றைக்குப் படகில் போடுவது பருத்தியோ சணலோ இல்லை, பெரும்பாலும் அக்ரிலிக். 1961இல் கிளென் ரேவன் நிறுவனம் சன்பிரல்லா என்று கொண்டுவந்த வகை. இதன் சிறப்பு, நெய்தபின் சாயத்தில் முக்குவதில்லை, இழையாக இழுப்பதற்கு முன்பே குழம்பில் நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். வெட்டிப் பார்த்தால் கரட் உள்ளேயும் ஒரே நிறம், சிவப்பு முள்ளங்கி தோல் மட்டும்தான் நிறம் என்று விற்பவர்கள் விளக்குவார்கள். இதற்கு ‘கரைசல் சாயமேற்றிய’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன கரைந்தது என்றே விளங்காது. உட்சாயத் துணி என்று வையுங்கள், விற்பவரும் சொல்லலாம், வாங்குபவருக்கும் புரியும்.

இந்தத் துணி வெயிலைத் தாங்கும். தாங்காதது நூல். பொலியெஸ்டர் நூல்தான் முதலில் இற்றுப்போகிறது, விரல் நகத்தால் கீறினாலே தையல் பொடிப்பொடியாக வரும், துணியோ இன்னும் கிழியாமல் இருக்கும். அந்த நிலையில் புதிதாக மாற்றத் தேவையில்லை, மறுதையல் போதும். கோர் நிறுவனத்தின் டெனாரா போன்ற நூல் வெயிலுக்கு அசையாது, விலை கூடுதலானாலும் என் கருத்தில் காசை அதில்தான் போட வேண்டும். ஆகவே ‘மாற்றுதல்’, ‘மறுதையல்’ இரண்டும் தனித்தனிச் சொல்லாகப் பட்டியலில் இருக்கட்டும்.

வெளியே பார்க்கத் திரையில் வைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்குக்கு ‘ஒளிபுகு நெகிழிச் சாளரம்’ – யார் இதைப் படகில் நின்று சொல்லப் போகிறார்? கண்ணாடித்திரை. முடிந்தது. இது மென்மையான பிவிசி, குளிரில் சுருங்கி விறைக்கும், அதனால் வெயில் உள்ள நாளில் பொருத்த வேண்டும். மடித்தால் மடித்த இடம் வெடிக்கும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். உப்புப் படிந்திருக்கும்போது துடைத்தால் கீறல் விழும், முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இதன் பக்கமே வரக்கூடாது, பெயரில் கண்ணாடி இருப்பதால் யாராவது அதை அடித்துவிடுவார்களோ என்ற ஒரு பயம்தான் எனக்கு இந்தச் சொல்லில். குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டுவிடலாம்.

மேற்கட்டியை மடக்கி வைத்தபின் அதன்மேல் மாட்டும் நீள உறைக்கு ‘சுருட்டுறை’ என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் படிப்பவர் சுருட்டு வைக்கிற பெட்டி என்று நினைப்பார். மடக்குறை என்று மாற்றலாமா? உறை என்ற சொல்லுக்கும் அப்போது ஒரு இடம் கிடைக்கிறது.

மூடுபடங்கின் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிக் குளமாகாமல் உள்ளேயிருந்து தாங்கும் கம்புக்கு முட்டு, பூஞ்சணம் பிடிக்காமல் காற்றுப் போக வைக்கும் திறப்புக்கு மூச்சுத்துளை. இவற்றில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்றில்தான் எனக்கே திருப்தியில்லை. துணியைத் தாங்கும் அந்தத் துருப்பிடிக்காத எஃகு வளைவுகள், 22 அல்லது 25 மில்லிமீற்றர் குழாய். வளைகுழாய் என்று எழுதி வருகிறேன், ஆனால் அது தண்ணீர்க் குழாய் போலக் கேட்கிறது. கூண்டு வண்டி கட்டியவர்கள் கூண்டுக்கு வளைத்த கம்புக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள் அல்லவா? வல்வெட்டித்துறை, நாகப்பட்டினம் பக்கத்து ஆக்கள் யாராவது இருந்தால் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியை வெற்றாக விடுகிறேன்.