புதுப்பிப்பு: எறும்பு வேடமிடும் தாவும் சிலந்திகள் எல்லாம் உறவா?

தாவும் சிலந்திகளின் வகைப்பாடு பற்றிய என் முந்தைய இழையில், எறும்பு போலவே இருப்பவை எல்லாம் ஒரே கிளையில் வந்தவையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரவியிருக்கும் மிர்மராக்னே என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) ஒரு கிளை. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் சினெமொசைனா அதற்கு வெகு தொலைவான வேறொரு கிளை. மெலிந்த இடுப்பும் எறும்பு நடையும் தனித்தனியாகத் தோன்றியவை.

இதைவிட என்னைக் கவர்ந்தது பச்சைச் சிலந்திகளின் கதை. அமெரிக்கக் கண்டங்களின் லிசோமனேஸ், ஆப்பிரிக்கா, ஆசியாவின் அசெமோனியா இரண்டுக்கும் நீண்ட கால்கள், வெளிறிய உடல். கண்களும் நான்கு வரிசையாக இருக்கும் (பெரும்பாலான தாவும் சிலந்திகளுக்கு மூன்று வரிசைதான்). அதனால் நெடுங்காலம் ஒரே துணைக்குடும்பத்தில் (தாவும் சிலந்திக் குடும்பத்தின் உட்பிரிவு) வைத்திருந்தார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வந்த பிறகு பிரிக்க வேண்டியதாயிற்று. சிலந்தி ஆய்வாளர் வெய்ன் மாடிசன் 2015இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மொத்தம் 7 துணைக்குடும்பங்கள். லிசோமனேஸும் அசெமோனியாவும் அதில் வெவ்வேறு துணைக்குடும்பங்களில் இருக்கின்றன.

அப்புறம், அந்த ஏழும் சம அளவில் இல்லை. அறியப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட இனங்களில் மிகப் பெரும்பாலானவை சால்டிசினே என்ற ஒன்றிலேயே அடங்கும். மற்ற சிலந்திகளை வேட்டையாடும் போர்ஷியா அதற்கு வெளியே, ஸ்பார்டெயினேயில் இருக்கிறது.

உருவத்தை ஒதுக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆண் சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பின் நுண்ணமைப்பு இன்றும் முக்கியச் சான்று. பல பேரினங்களுக்கு இன்னும் டிஎன்ஏ தரவே கிடையாது. அவற்றைப் பரிணாம உறவு மரத்தில் எங்கே வைப்பது என்பதை அந்த உறுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.