ஆர்2-டி2 தலையில் வெள்ளி உரிகிறது, உடனே யாராவது சொல்லுங்கள்

நிலாத்தடம்
வணக்கம். அவசரம். என்னிடம் இருக்கும் சின்ன ஆர்2-டி2, ஸ்டார் வார்ஸ் படத்து ரோபோ பொம்மை, பழையது, 1977. கால் இரண்டும் பழுப்பேறிப்போனதால் ப்ளீச்சில் ஊறப்போட்டேன். எடுத்துப் பார்த்தால் தலையில் வெள்ளி போயிருக்கிறது. முதலில் முன்பக்கம் நகக்கண் அளவுதான் இருந்தது, இப்போது கீழ் ஓரம் முழுக்கப் படர்கிறது. இதை எப்படி நிறுத்துவது? மறுபடி பளபளப்பு வருமா? தலையைத் திருப்பினால் கிளிக் கிளிக் என்று வரும் சத்தமும் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்கால்
எந்த ஆர்2 என்று சொன்னால்தானே பதில் சொல்ல முடியும். கென்னர் என்ற பொம்மை நிறுவனம் ஒன்றே பல விதமாக விட்டிருக்கிறது. முதலில் வந்தது 1978. அடுத்த வருடம் டிராய்டு ஃபேக்டரி என்ற ரோபோ செட்டில் மூன்று காலோடு ஒன்று. தலையிலிருந்து பெரிஸ்கோப் மாதிரி மேலே எழும்பும் சென்சார்ஸ்கோப் 1982. லைட்சேபர், அதாவது ஒளிவாள், எழும்புவது 1985. இவை போக 1995-க்கு அப்புறம் வந்தவை எத்தனையோ. உங்களுடையதில் உடம்பைச் சுற்றித் தாள் ஒட்டியிருக்கிறதா, இல்லை கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கிறதா? முன்னும் பின்னும் ஒரு படம் போடுங்கள்.

அலமாரிவாசி
இது ஈரம் செய்கிற வேலை. என் அனுபவத்தில் வெள்ளி போன பொம்மைகள் எல்லாமே மூடிய பெட்டிக்குள் காற்றில்லாமல் கிடந்தவை. ஈரம் உள்ளே புகுந்து வெள்ளியை அடியிலிருந்து தூக்கிவிடும், கழுவும்போது அது வெளியே தெரியும், அவ்வளவுதான். எங்கே வைத்திருந்தீர்கள்? சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருந்தீர்களா?

பழையசரக்கு
1977-இல் கடைக்கு வந்த ஆர்2 என்று ஒன்று கிடையாது. இதை நான் பலமுறை எழுதியாகிவிட்டது. படம் 1977 மே மாதம் வந்தது, கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகவில்லை. அதனால் பொம்மைக்குப் பதிலாகக் கென்னர் அந்த வருடம் விற்றது அட்டையும் ஒரு சான்றிதழும்தான். அதை அஞ்சலில் அனுப்பினால் லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்2 என நான்கு பொம்மைகளும் 1978-இல் வீட்டுக்கு வந்தன. காலில் போட்டிருக்கும் 1977 காப்புரிமை வருடம், செய்த வருடம் இல்லை. கையில் வைத்திருக்கும் பொருளைப் பற்றி இந்த அளவாவது படித்துவிட்டு அப்புறம் ஊறப்போட்டிருக்கலாம் தம்பி.

நிலாத்தடம்
சரி அண்ணா, வருடம் இருக்கட்டும். தாள்தான் சுற்றி ஒட்டியிருக்கிறது. காலில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ., ஹாங்காங் என்று இருக்கிறது. இரண்டு கால்தான். படம் பிறகு போடுகிறேன். இப்போது என்ன செய்ய?

நீலவிளக்கு
அப்படியானால் 1978 முதல் வார்ப்புதான். ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்பது ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப், கென்னர் அப்போது அவர்கள் கையில் இருந்தது.

முக்கியமான கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. ப்ளீச் என்றால் எது? ஹைட்ரஜன் பெராக்சைடா, துணி வெளுக்கிற குளோரின் திரவமா? இரண்டையும் எல்லோரும் ப்ளீச் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இந்தப் பொம்மைக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. எவ்வளவு நேரம் ஊறியது? முழுப் பொம்மையா, கால் மட்டுமா? இப்போது அலசிவிட்டீர்களா?

தூசிதட்டி
குளோரினாக இருந்தால் கொஞ்சம் வினிகர் தடவுங்கள். காரத்தை அமிலம் அடக்கிவிடும். பேட்டரி கசிந்த பொம்மைகளுக்கு நான் அப்படித்தான் செய்வேன், நன்றாக வேலை செய்யும்.

பழையசரக்கு
வேண்டவே வேண்டாம். வினிகர் பக்கமே போகாதீர்கள். குளோரின் ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் கூடாது. அதன் மேலேயே பெராக்சைடும் ஊற்றக் கூடாது. தூசிதட்டி, பேட்டரிக் கசிவு வேறு, இது வேறு. அந்த வரியை நீக்கிவிடுங்கள், அவசரத்தில் படிப்பவர் அப்படியே செய்துவிடுவார்.

தூசிதட்டி
தப்புதான். நீக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது என்கிறது. நிலாத்தடம், நான் சொன்னதைச் செய்யாதீர்கள்.

நிலாத்தடம்
நல்லவேளை, செய்யவில்லை. துணி வெளுக்கிற திரவம்தான். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முழுப் பொம்மையையும் போட்டேன், இரவு முழுக்க. அலசினால் மிச்ச வெள்ளியும் போய்விடுமோ என்று பயந்து அப்படியே துண்டின் மேல் வைத்திருக்கிறேன்.

நீலவிளக்கு
உடனே அலசுங்கள். மேலே படிப்பதற்கு முன்னால் அலசிவிட்டு வாருங்கள். சாதாரணக் குளிர்ந்த தண்ணீர், குழாயை மெல்லத் திறந்து, தலையில் மட்டும் சில நிமிடம் ஓட விடுங்கள். பொம்மையைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் உடம்புப் பக்கம் இறங்காது. தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் விரல் படவே கூடாது, நனைந்த தாள் தொட்ட இடத்தில் மை வழித்துக்கொண்டு வரும். தேய்க்காதீர்கள். மென்மையான துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காய வையுங்கள்.

நடந்தது இதுதான். அந்தத் தலையில் இருப்பது பெயின்ட் இல்லை. பிளாஸ்டிக் மேல் ஓர் அரக்குப் பூச்சு, அதன் மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த அடுக்கு, அதைக் காக்க மேலே இன்னொரு தெளிவான பூச்சு. அலுமினிய அடுக்கு ஒரு மைக்ரான் கூட இருக்காது. ப்ளீச் காரத்தன்மை கொண்டது, அலுமினியத்தைக் கரைக்கும். கார் மாடல் கட்டுகிறவர்கள் குரோம் பாகங்களிலிருந்து அந்த முலாமை எடுக்க வேண்டும் என்றே ப்ளீச்சில் போடுவார்கள், சில நேரம் நிமிடக் கணக்கிலேயே போய்விடும். உங்களுடையது ஓர் இரவு தாங்கியிருக்கிறது என்றால் மேல் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறது.

முன்பக்கம் முதலில் போனதற்கும் காரணம் உண்டு. தலையைத் திருப்ப நாம் எல்லோரும் கட்டைவிரலை வைப்பது அங்கேதான். எத்தனையோ வருடம் விரல் பட்டுப் பட்டு மேல் பூச்சு அங்கே தேய்ந்திருக்கும். என்னிடம் இருப்பதை விளக்கில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம் தெரியும், நீலக் கட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு குழந்தையின் விரல் அளவுக்கு. திரவம் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

அலமாரிவாசி
நீலவிளக்கு சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஈரத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே ஈரம் தூக்கிவிட்ட இடத்தில்தான் ப்ளீச் சுலபமாகப் புகும். நிலாத்தடம், எங்கே வைத்திருந்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

வெண்கவசம்
கால் பழுப்பானதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூலப் பிரச்சினை அதுதானே. வெள்ளை பிளாஸ்டிக்கின் மேல் பழுப்பு அழுக்கு மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை. ஆக்சிஜனும் புற ஊதா ஒளியும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே மாற்றிவிடுகின்றன. குளோரின் ப்ளீச் அதற்கான மருந்து இல்லை. பழைய கணினிக்காரர்கள் 2008 வாக்கில் கண்டுபிடித்த ரெட்ரோபிரைட் முறை பெராக்சைடும் புற ஊதா ஒளியும்தான். என் ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகள் (வெள்ளைக் கவச வீரர்கள்) இரண்டை அப்படித்தான் வெளுத்தேன். ஒன்று இன்றும் வெள்ளை. இன்னொன்று இரண்டு வருடத்தில் மறுபடி மஞ்சள் பூத்துவிட்டது, அதுவும் முன்பைவிடத் திட்டுத் திட்டாக. செய்வதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். ஆர்2-க்கு என்றால் தலைக்கும் தாளுக்கும் படாமல் காலில் மட்டும் களிம்பாகத் தடவ வேண்டும், ஊறவே போடக் கூடாது.

பழையசரக்கு
வெளுக்கவே கூடாது என்பது என் கருத்து. நாற்பது வருடப் பழுப்பு அந்தப் பொம்மையின் வயது. அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டி, வேறு பொம்மையின் தலையை மாட்டி, கடைசியில் மிஞ்சுவது என்ன? இப்போது பாருங்கள், அடுத்து ஒருவர் வந்து நகல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார்.

குட்டிடிராய்டு
நான்தான் சொல்ல வந்தேன். தாள் கழன்றுவிட்டால் நகல் ஒட்டலாம், அதில் என்ன குற்றம்? என் ஆர்2 சின்ன வயதில் நான் மண்ணில் உருட்டி விளையாடியது. தாள் முழுக்க உரிந்து வெறும் வெள்ளைக் குழாயாகக் கிடந்தது. பல வருடம் அதை அலமாரியில் வைக்க மனம் வராமல் டிராயரிலேயே வைத்திருந்தேன். நகல் ஒட்டிய அன்றுதான் அது மறுபடி ஆர்2 ஆனது. நான் அதை யாருக்கும் விற்கப் போவதில்லை.

பழையசரக்கு
நீங்கள் விற்க மாட்டீர்கள், உங்களுக்குப் பிறகு யாரோ விற்பார்கள். அப்போது சொல்ல யார் இருப்பார்? நகல் தாள்கள் வருடத்துக்கு வருடம் அசலை நெருங்கிக்கொண்டே வருகின்றன. நான் ஏமாந்திருக்கிறேன். அசல் என்று நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் அச்சுப்புள்ளிகள் வேறு மாதிரி இருந்தது தெரிந்தது. அன்று முழுக்கச் சாப்பிடத் தோன்றவில்லை. அதனால்தான் இதில் கடுமையாகப் பேசுகிறேன்.

மூன்றாம்கால்
அதற்கு வழி இருக்கிறதே அண்ணா. நகல் ஒட்டுபவர்கள் அதன் அடியில், ஒட்டுவதற்கு முன்பே, பிளாஸ்டிக்கின் மேல் பென்சிலால் நகல் என்று எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். வெளியே தெரியாது, உரித்தால் தெரியும்.

பழையசரக்கு
உரித்துப் பார்த்து யார் வாங்குவார்கள்? பொம்மையோடு ஒரு சீட்டு வையுங்கள்.

குட்டிடிராய்டு
சீட்டு தொலைந்துவிடும். பென்சில் தொலையாது. இரண்டும் செய்யலாமே.

வெண்கவசம்
பேச்சு எங்கேயோ போகிறது. கேட்டவர் வந்தாரா? நிலாத்தடம், அலசிவிட்டீர்களா?

நீலவிளக்கு
அவர் வருவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளி திரும்பாது. வெற்றிட முலாம் கையால் பூசக்கூடியது இல்லை. குரோம் பேனா, குரோம் ஸ்ப்ரே எல்லாம் தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், அசல் வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பலாகத் தெரியும். அதன் மேல் விரல் படப் பட மங்கிக்கொண்டும் போகும். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இப்போது வேலை. மெட்டல் பாலிஷ் எதுவும் வேண்டாம், அவை மெல்லத் தேய்க்கும் பொருட்கள், ஒரு தேய்ப்பில் மீதியும் வந்துவிடும். ஆல்கஹாலும் வேண்டாம், நீலப் பெயின்ட்டையும் பதம் பார்க்கலாம்.

சத்தம் போனதற்குப் பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை கிளிக் அமுங்கித்தான் கேட்கும். முழுக்கக் காயும் வரை திருப்பாதீர்கள். தலைகீழாக இரண்டு மூன்று நாள் வையுங்கள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் தாளின் பசை இளகிவிடும், பொறுமையாகக் காற்றிலேயே காயட்டும்.

புதுவரவு22
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என்னுடையது அதே படத்து இன்னொரு ரோபோ சி-3பிஓ, முழு உடம்பும் தங்க நிறம், கை மூட்டில் போகிறது. ப்ளீச் எதுவும் போடவில்லை. என்ன செய்ய?

மூன்றாம்கால்
எந்த வருடத்து சி-3பிஓ? கை கால் கழன்று வரும் வகையா, சாதாரண வகையா? தனி இழை தொடங்குங்கள், படத்தோடு.

அலமாரிவாசி
புதுவரவு, உங்களுடையது ஈரமேதான்.

நிலாத்தடம்
மன்னிக்கவும், இப்போதுதான் வர முடிந்தது. அன்றே அலசிவிட்டேன், நீலவிளக்கு சொன்ன மாதிரி தலைகீழாகப் பிடித்து. அதன் பிறகு படரவில்லை. நான்கு நாள் தலைகீழாக வைத்திருந்து இன்று மெல்லத் திருப்பினேன், கிளிக் வருகிறது, முன்பு இருந்த அதே சத்தம். தாள் இணையும் இடத்தில் ஒரு மூலை தூக்கியிருக்கிறது, மற்றபடி ஒட்டித்தான் இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. கால் பழுப்பு போகவே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். வேறு தலை மாட்டப் போவதில்லை. அது என் அக்காவுடையது, அந்த முன்பக்கத்து மங்கல் அவள் விரல் பட்ட இடமாக இருக்கும் என்று நீலவிளக்கு எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றியது. இப்போது அந்த இடத்தில் வெள்ளி இல்லை. அலமாரிவாசி, ஈரமான இடம் இல்லை, ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். எல்லோருக்கும் நன்றி.

வெண்கவசம்
ஜன்னல் ஓரமா? கால் பழுப்புக்கு அந்த வெயில்தான் காரணம். முதலில் அங்கிருந்து எடுங்கள்.

பழையசரக்கு
தூக்கிய மூலைக்கு எந்தப் பசையும் வைக்காதீர்கள். அமிலம் இல்லாத மெல்லிய தாளைச் சுற்றி, நூலால் தளர்வாகக் கட்டி, வெயில் படாத இடத்தில் சில வாரம் வையுங்கள். பெரும்பாலும் தானே படிந்துவிடும். அப்புறம் அந்தப் படத்தைப் போடுங்கள், பார்க்க வேண்டும்.